கை இறங்கும் வரை

கமாண்டருக்கு ‘இஸ்திரி’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று முகாமில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மனுஷனின் சட்டையில் சுருக்கம் இருக்காது, முகத்திலும் இருக்காது. பக்கத்தில் போனவர்களுக்குச் சூடு மட்டும் நிச்சயம்.

முகாமின் பேண்டில் ஊதுகிற பியூகிள் அக்கா அந்தாளைக் கொல்ல நினைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். தன் தம்பி செத்துப்போன முதல் வாரம் முழுக்க அவள் வேறெதையும் நினைக்கவில்லை. அப்புறம் நிதானமாக யோசித்துப் பார்த்தாள். செத்தால் இஸ்திரிக்குக் கொடி போர்த்துவார்கள். முன்கேட் வழியாக, பூ போட்ட வண்டியில் கொண்டுபோவார்கள். பெட்டிக்கு எதிரில் இவளே நின்று கடைசி ஊதல் ஊத வேண்டியிருக்கும். அந்த எண்ணமே அவளுக்குக் குமட்டியது. அதனால் அந்தாள் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டாள்.

கடைசி ஊதல் அவளுடைய வேலை. ராணுவ பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் செத்த வீரனுக்கு பியூகிள் என்ற பித்தளை எக்காளத்தில் ஊதும் அந்தச் சின்ன ராகத்தை அந்த முகாமில் அவளைத் தவிர யாரையும் ஊத விடுவதில்லை. மேலே ஏறி, நடுவில் தயங்கி, கடைசியில் ஒரு நீண்ட தாழ்ந்த சுரத்தில் வந்து இறங்கும். அது ஒலிக்க ஆரம்பித்தால் சீருடை போட்ட ஒவ்வொருவனும் சல்யூட்டில் நிற்க வேண்டும். தாழ்ந்த சுரம் வந்து முடியும்வரை கை இறங்கக் கூடாது, நகரக் கூடாது, யாருக்கும் யாரும் உத்தரவு போடக் கூடாது. சட்டம் பழையது. அதை வெறி பிடித்தவர்போலக் காத்தவர் இஸ்திரிதான். ஒருமுறை பின்வரிசையில் ஒரு பையனின் கழுத்தில் குளவி கொட்டி, கடைசி சுரத்துக்கு முன்னால் அவன் கை இறங்கிவிட்டது. அன்று பகல் முழுக்க வெயிலில் செங்கல்லைக் கையில் ஏந்தி அவனை நிற்க வைத்தார். “செத்தவனுக்காக ஒரு நிமிஷம் கையைத் தூக்க முடியாதவன் மனுஷனே இல்ல” என்று மைக்கில் சொன்னார்.

எந்தச் செத்தவன் என்பதில்தான் அவருக்குக் கணக்கு இருந்தது.

போர் இரண்டாவது வருஷத்துக்குள் நுழைந்தபோது முகாமில் ஒரு புது நோய் வந்த மாதிரி ஆனது. எல்லைக்குப் போய்விட்டுத் திரும்பிய பையன்கள், திரும்பி வந்த பிறகு, பாதுகாப்பான சுவர்களுக்குள் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். முதலில் மீசை என்று எல்லாரும் கூப்பிட்ட பையன். அப்புறம் கணக்கு என்கிறவன். அதற்கப்புறம் ஒருவர் பின் ஒருவராக. எட்டாவதாக, இருபத்திரண்டு வயதில் தலை நரைத்து ‘தாத்தா’ என்று பேர் வாங்கியவனும் போனான். எட்டுப் பேர் போகும்வரை ஒரு டாக்டரைக்கூடக் கூப்பிடவில்லை. இஸ்திரி செய்தது ஒன்றுதான்: பரேடில் ஓர் உத்தரவு வாசித்தார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்பவனுக்குக் கொடி கிடையாது, ஊதல் கிடையாது, முன்கேட் கிடையாது. “எதிரியோட வேலையை மிச்சம் பண்றவனுக்கு நாம எதுக்கு மரியாதை பண்ணணும்?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பு வருமென்று கொஞ்சம் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது ஆள் அவளுடைய தம்பி, சுண்டு.

சுண்டுவை வளர்த்ததே அவள்தான் என்று சொல்லலாம். அப்பா சீக்கிரம் போய்விட்டார், அம்மா வேலைக்குப் போனாள். அக்காவின் இடுப்பில்தான் அவன் பாதி நாள் இருந்தான். அவளைப் பார்த்துத்தான் ராணுவத்தில் சேர்ந்தான். பேண்டில் சேர ஆசைப்பட்டான். ஆனால் அவன் ஊதினால் பியூகிளிலிருந்து எருமைக் கன்று கத்தும் சத்தம்தான் வரும். “உனக்கு மூச்சு இருக்கு, காதுதான் இல்ல” என்று அவள் சொல்வாள். காலாட்படையில் போட்டார்கள். இரண்டு முறை எல்லைக்குப் போய் வந்தான். இரண்டாவது முறை வந்தவன் தூங்கவில்லை. கரண்டி கீழே விழுந்தால் மேசைக்கடியில் இருப்பான். லீவு கேட்டான், கிடைக்கவில்லை. மறுபடி கேட்டான், கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது குரல் உடைந்து அழுதுவிட்டான்.

அடுத்த நாள் பரேடில் இஸ்திரி அவனை முன்னால் கூப்பிட்டார். குழந்தைக்குப் பால் கொடுக்கிற புட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி அவன் கழுத்தில் மாட்டினார். “அழுற பிள்ளைக்குப் பால் வேணும்ல?” மாலை கொடி இறக்கும்வரை அப்படியே நிற்கச் சொன்னார். பேண்ட் வரிசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் வரிசையை விட்டு ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. சட்டம், ஒழுங்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் சுண்டு அதிக நாள் இருக்கவில்லை. எப்படிப் போனான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; இங்கேயும் வேண்டாம்.

அவளை நிஜமாகவே எரித்தது அந்தக் காலைதான். பேண்ட் ரூமில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ரெஜிமெண்ட் நாளுக்கான குஷியான மார்ச், கால் தானாகத் தாளம் போடும். பேண்ட் மாஸ்டர் ஐம்பதைத் தாண்டிய சாது மனுஷன். எதற்கெடுத்தாலும் “மெல்லப்பா, மெல்ல” என்பார், அதனால் அவர் பெயரே மெல்லப்பா ஆகிவிட்டது. அன்று மட்டும் மெல்ல என்று சொல்லவேயில்லை. “இன்னொரு தடவை, சத்தமா” என்றார். வாசித்தார்கள். “இன்னொரு தடவை.” வாசித்தார்கள். அன்றைக்கென்று அவளுக்கு மூச்சு அருமையாக வந்தது. உச்சி சுரங்களைக் கண்ணாடி மாதிரி தொட்டாள். அவளே ரசித்து ஊதினாள். எத்தனையோ தடவை முடிந்த பிறகு மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “வெளிய வாம்மா, கொஞ்சம் பேசணும்” என்றார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ரேஷன் லாரியில், வெங்காய மூட்டை ஏற்றி வந்த அதே லாரியில், தம்பி பின்கேட் வழியாகப் போய்விட்டிருந்தான். லாரி கேட்டைத் தாண்டும்வரை பேண்டை நிறுத்தக் கூடாது, அவளுக்குச் சொல்லவும் கூடாது என்பது இஸ்திரியின் உத்தரவு.

கூடப் பிறந்தவன் பிணமாகப் போகும்போது அவள் மார்ச் ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். இதை எந்த வாயால் சொல்வது?

“எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு மாசம்தாம்மா இருக்கு” என்று மாஸ்டர் என்னவோ சொல்லத் தொடங்கினார். அவள் திரும்பி நடந்துவிட்டாள். அதிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குச்சி ஆடினால் ஊதுவாள், நின்றால் நிறுத்துவாள். மற்றபடி அவர் இருந்த இடம் அவளுக்குக் காலி இடம்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அம்மா ஃபோன் செய்தாள்.

“யார் யார் பெத்த பிள்ளைக்கெல்லாமோ ஊதுற. உன் தம்பிக்கு ஊதினியாடி?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“ஊத விடல.”

“விடலைன்னா?”

அம்மா அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அம்மா அழவில்லை.

“அப்புறம் அந்த பீப்பீ எதுக்குடி உன் கையில இருக்கு?” என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வி ராப்பகலாக அவள் கூடவே இருந்தது. ஊதலாம். யாருமில்லாத மைதானத்தில் போய்த் தம்பிக்கு ஊதிவிட்டு வரலாம். ஆனால் அது தம்பிக்குச் செய்கிற மரியாதை ஆகுமா? ஊதலில் பாதிதான் ஊதுகிறவள் கையில். மீதிப் பாதி கையைத் தூக்கி நிற்கிறவனுடையது. அந்தக் கை வேண்டும். தம்பி கழுத்தில் புட்டியை மாட்டிய அந்த வலது கை, தம்பிக்காக மேலே ஏற வேண்டும். ஏறி, நோக வேண்டும்.

வழி அவளுக்குச் சீக்கிரமே கிடைத்தது. மெல்லப்பாதான் அதைச் சொல்லிக் கொடுத்தவர், அவருக்கே தெரியாமல். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

ரெஜிமெண்ட் நாளன்று அமைச்சர் வருவார். எல்லையில் இறந்தவர்களின் அம்மாக்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். டிவியில் நேரலை. இறந்தவர்களுக்காக அவள் ஒருமுறை கடைசி ஊதல் ஊத வேண்டும். ஊதுவாள். ஆனால் அந்தக் கடைசித் தாழ்ந்த சுரத்தைத் தொட மாட்டாள். தொடுவதற்கு முன்னால் திரும்ப முதலுக்குப் போவாள். முடியாத ஊதலுக்கு எவன் கையை இறக்க முடியும்? நிறுத்து என்று யார் உத்தரவு போட முடியும்? குளவி கொட்டியவனுக்கே செங்கல் கொடுத்தவராயிற்றே.

இஸ்திரியின் வலது தோள்பட்டையில் கோளாறு இருந்ததும் அவளுக்குத் தெரியும். போரில் வந்த காயமில்லை, டென்னிஸில் வந்தது. ஆபீசர்ஸ் கிளப்பில் சாயந்திரம் வாசிக்கப் போகும்போது, மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டு அவர் முகம் கோணுவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

அவளுடைய பிரச்சினை உதடு. எல்லைக்காரர்களுக்கு ஒரு தடவை, அதன் மேல் ஒன்பது தடவை. நிறுத்தாமல் அத்தனை ஊதினால் உதடு மரத்து, வீங்கி, கடைசியில் காற்று மட்டும்தான் வரும். பழக வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், உடைந்த டிரம்களைப் போட்டு வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பியூகிளின் வாயில் துண்டை அடைத்து ஊதினாள். முதலில் ஐந்தில் செத்துப்போனது உதடு. அப்புறம் ஆறு. சாப்பாட்டில் உப்பு பட்டால் உயிர் போனது. சிரிக்க முடியவில்லை, சிரிக்கவும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஒத்திகைக்கு வந்தபோது அவளுடைய நோட் ஸ்டாண்டில் ஒரு வாசலின் டப்பா இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கி எறியலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உதடு எரிந்தது. எடுத்துப் பூசிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

ரெஜிமெண்ட் நாள் நல்ல வெயிலோடு வந்தது. மேடையில் அமைச்சர், பக்கத்தில் இஸ்திரி. அன்றைக்கு அவர் சட்டையின் மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும். வீரம் பற்றிப் பேசினார், தியாகம் பற்றிப் பேசினார். “இந்த மண்ணுக்காக உயிரைக் கொடுத்தவங்க எல்லாரையும் நாம மறக்க மாட்டோம்” என்றார். அந்த ‘எல்லாரையும்’ அவள் காதில் விழுந்தது. நல்லது, நீயே சொல்லிட்ட, என்று நினைத்துக்கொண்டாள்.

நடுமைதானத்துக்கு வந்து, மேடையைப் பார்த்து நின்று, பியூகிளை உதட்டில் வைத்தாள். கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே ஏறின. அமைச்சர் எழுந்து நின்றார். முன்வரிசை அம்மாக்கள் எழுந்தார்கள்.

முதல் சுற்றை எல்லையில் இறந்தவர்களுக்காக ஊதினாள். மனசார ஊதினாள், அவர்கள்மேல் அவளுக்கு என்ன கோபம்? ராகம் ஏறி, தயங்கி, இறங்க வேண்டிய இடத்துக்கு வந்தது. இறங்கவிருந்த கைகள் காத்திருந்தன. அவள் மூச்சை இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இது மீசைக்கு.

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ விசேஷ ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். அமைச்சர் மெச்சுகிற முகத்தோடு தலையைக்கூட ஆட்டினார். அந்தச் சுற்றும் இறங்காமல் திரும்பியபோது இஸ்திரியின் கண் அவள் பக்கம் வந்தது. அவள் அந்தக் கண்ணை விடவில்லை. இது கணக்குக்கு. நாலாவது சுற்று ஆரம்பித்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. வாய் லேசாகத் திறந்து மூடியது. கத்த முடியாது, கத்தினால் சட்டத்தை உடைத்தவர் அவர். நேரலையில், அம்மாக்கள் முன்னால், ‘ஊதாதே’ என்று எந்த வாயால் கத்துவார்?

ஐந்தாவது சுற்றில் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பின்வரிசையில் எங்கிருந்தோ ஒரு குரல் பெரிதாகக் கத்தியது: “மீசை!”

எல்லாக் கைகளும் நெற்றியில், எல்லாத் தலைகளும் நேராக. யார் கத்தியது என்று தலையைத் திருப்பிப் பார்க்க ஒருவனாலும் முடியாது. உடனே இன்னொரு மூலையிலிருந்து: “கணக்கு!” ஊதி முடிந்தவர்களின் பெயர்களெல்லாம் வந்த பிறகு, சுற்றுக்கொரு பெயராக வந்தது. அவள் ஊதுகிற வரிசை அவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தது. இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள், பாவிகள், தன்னைப் போலவே.

இஸ்திரியின் முழங்கை ஆட ஆரம்பித்தது ஏழாவது சுற்றில். முதலில் விரல் நுனி, அப்புறம் மணிக்கட்டு. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காலருக்குள் போனது. சட்டையில் முதல் சுருக்கம் விழுந்தது. அவளுக்கும் உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வலித்தது. இனிப்பாகவும் இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் தனக்குள் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

“தாத்தா!” என்று யாரோ கத்தினார்கள். தாத்தாவின் சுற்று பாதியில் இருந்தபோது இஸ்திரியின் கை இறங்கியது. அறுந்து விழுந்த மாதிரி, தொடையில் போய் அடித்தது.

மைதானம் முழுக்கப் பார்த்தது. கேமராவும் பார்த்தது. ஊதல் ஒலித்துக்கொண்டிருக்கிறது, பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லாம் கையைத் தூக்கி நிற்கிறார்கள், கமாண்டரின் கை மட்டும் கீழே. அழுகிற பிள்ளை யார் இப்போது? அவள் அப்படியே நிறுத்திக்கொண்டிருக்கலாம். பழி தீர்ந்தது என்று பியூகிளை இறக்கியிருக்கலாம். ஆனால் அடுத்தவன் சுண்டு. கடைசியாகப் போனவன் கடைசியில்தானே வருவான்? அவனுடைய முறை வரும்போது பார்த்து அந்தக் கை கீழே கிடக்கிறது. லீவு கேட்டபோது ஏமாற்றிய இஸ்திரி, இதிலும் ஏமாற்றப் பார்க்கிறான். அவளுக்குத் தலைக்கேறியது.

சுண்டுவின் சுற்றை அவள் ஆரம்பிக்கவில்லை. ராகம் தயங்கும் இடத்தில் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நிறுத்தி, இஸ்திரியின் முகத்தைப் பார்த்தபடி, விடாமல் ஊதினாள். நீளமாக, மூச்சு தீரும்வரை. அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. எதிரில் மைக் திறந்திருப்பதை மறந்து, வாய்க்குள் முனகினார். ஒலிபெருக்கி எல்லாம் அதை ஊருக்கே சொன்னது:

“கையைத் தூக்குங்க கமாண்டர். மானம் போகுது. டிவி ஓடிட்டிருக்கு.”

இஸ்திரி கையைத் தூக்கினார். தூக்கியது நிற்கவில்லை. மறுபடி தூக்கினார். கடைசியில் இடது கையால் வலது முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தைக்குப் புட்டியைப் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

இப்போது ஆரம்பித்தாள். இது சுண்டுவுக்கு.

மற்றவர்களுக்கு ஊதியதைவிட மெதுவாக ஊதினாள். அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. ரத்தம் தாடையில் வழிந்து காலருக்குள் இறங்கியது. பெயருக்காகக் காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. அக்கா ஊதுகிறாள், தம்பியின் பெயரை நாம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார்கள் போல. அவளால் சொல்ல முடியாது, வாயில் பியூகிள். பாதி தாண்டியது. பெயரில்லாமலே முடிந்துவிடுமோ என்று பயந்தாள்.

“சுண்டு!”

கரகரத்த, வயதான குரல். பின்வரிசை இல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து, பேண்ட் வரிசையிலிருந்து வந்தது. ஆயுசில் சத்தம் போட்டுப் பேசாத மனுஷன், தொண்டை கிழிய இன்னொரு தடவை கத்தினார்: “சுண்டு!”

அவள் தாழ்ந்த சுரத்துக்கு வந்தாள். பத்து சுற்றாகத் தொடாமல் வைத்திருந்த சுரம். தொட்டாள். உடனே விடவில்லை. அந்த முழங்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே இருந்த கடைசிக் காற்று வரைக்கும் இழுத்தாள். பிறகுதான் கைகள் இறங்கின.

சாயந்திரம் காவல் அறையில் ஒரு மரபெஞ்சு, ஒரு வாளி, ஒரு ஜன்னல். பியூகிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். உதட்டில் பஞ்சு வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து மெல்லப்பாவையும் உள்ளே தள்ளினார்கள். அவர் குரலைக் கண்டுபிடிக்கவா கஷ்டம்? அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலோரமே நின்றார். அவள் அவரை மன்னிக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டாள், அவ்வளவுதான்.

உட்கார்ந்தபின் அவர் கேட்டார். “ஆத்திரம் தீர்ந்துச்சாம்மா?”

அவள் பஞ்சை எடுத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“தீரல மாஸ்டர். ஆனா நல்லா இருந்துச்சு.”

வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். குளவி கொட்டிய அதே பையன்.

“அக்கா, பேண்ட் ரூமுக்கு உங்க அம்மா ஃபோன் பண்ணாங்களாம். டிவியில பாத்தாங்களாம்.”

அவள் எழுந்து கம்பிக்கு வந்தாள். “அழுதாங்களா?”

“இல்லையாம்க்கா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம்.” அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “அந்தாளு கை நடுங்குச்சுல்ல, அதை மறுபடியும் எப்ப போடுவாங்கன்னு கேட்டாங்களாம்.”